ஹெட்லேம்ப் எத்தனை லூமன் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வெள்ளிக்கிழமை ராத்திரி பை கட்டும் நம் தமிழ் நண்பர்கள் கூட்டத்தில், ஷூவுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது தலையில் மாட்டும் டார்ச்சான ஹெட்லேம்ப் பற்றித்தான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், ஆள்தான் வேறு. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எத்தனை லூமன் வாங்கலாம்?

லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. முதல் முறை வாங்குபவர் என்றால் உச்சத்தில் 200 முதல் 400 லூமன் தரும் விளக்கு போதும். ஆனால் அதே விளக்கு 5 அல்லது 10 லூமனுக்கு இறங்கவும் வேண்டும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் முதல் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ராத்திரியில் பாதி நேரத்துக்கு மேல் வேலை செய்யப்போவது இரண்டாவது எண்.

டென்ட்டுக்குள் சாக்ஸ் தேடவும் நாலு பக்கம் படிக்கவும் 5 லூமன் தாராளம். அடுப்பு பற்றவைத்து மேகி கிளற 20, 30 இருந்தால் போதும். நன்றாகத் தெரிகிற மண்பாதையில் நடக்க 50. கல்லும் வேருமான பாதை, அதிலும் இறக்கம் என்றால் 100 முதல் 150. வழி தவறிவிட்டோமோ என்ற சந்தேகம் வந்து, பாறையில் பெயின்டில் போட்ட அம்புக்குறியைத் தேடும்போதுதான் 200-க்கு மேல் கை போகும். அதுவும் ஓரிரு நிமிடம்தான். இருட்டில் ஓடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. வேகம் கூடினால் முன்கூட்டியே பார்க்க வேண்டும், அவர்கள் 300, 400 என்று யோசிப்பதில் நியாயம் உண்டு.

லூமன் அதிகமாக இருந்தால் அதிக தூரம் தெரியும்தானே?

அப்படித்தான் கடைக்காரரும் சொல்வார். விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் மொத்தமாக வெளியே வரும் வெளிச்சத்தின் அளவுதான் லூமன். அந்த வெளிச்சம் ஒரே இடத்தில் குவிகிறதா, அகலமாகப் பரவுகிறதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது கேண்டெலா என்கிற இன்னொரு அளவு. நல்ல கம்பெனிப் பெட்டிகளில் இரண்டும் இருக்கும், அல்லது கேண்டெலாவுக்குப் பதிலாக "எட்டும் தூரம்" மீட்டரில் போட்டிருக்கும்.

அந்த மீட்டர் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? கை டார்ச், ஹெட்லேம்ப்களுக்கு ஆன்சி எஃப்எல்1 என்றொரு அமெரிக்கத் தர அளவு இருக்கிறது, 2009-இல் வந்தது. அதன்படி, விளக்கின் வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்குக் குறைகிற இடம் வரைதான் "எட்டும் தூரம்". 0.25 லக்ஸ் என்பது மேகமில்லாத பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவு. ஆக 100 மீட்டர் என்று போட்டிருந்தால், 100-வது மீட்டரில் நிலா வெளிச்சத்தில் தெரிவது போல மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். கால் வைக்கும் கல்லைப் பார்க்கிற தெளிவு அதில் பாதி தூரத்தில்கூட இருக்காது.

கணக்குப் பிரியர்களுக்கு: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். 400 கேண்டெலா என்றால் 40 மீட்டர், 2,500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். இரண்டு விளக்குமே 200 லூமனாக இருக்கலாம். ஒன்று பரப்பி அடிக்கும், மற்றது குவித்து அடிக்கும். இன்னொன்றும் இதிலிருந்து தெரியும்: எட்டும் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் குவிந்த வெளிச்சம் நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் 300 லூமன் விளக்கை விற்றுவிட்டு 400 வாங்குபவருக்குப் பெரிதாக எதுவும் மாறியதாகத் தோன்றுவதில்லை.

கேம்பிங்குக்கும் வீட்டுக்கும் பரப்பி அடிப்பது நல்லது. பாதை தேடக் குவித்து அடிப்பது நல்லது. இரண்டும் உள்ள விளக்கு கிடைத்தால் 100 லூமன் குறைவாக இருந்தாலும் அதை எடுங்கள்.

அண்ணா, ஆன்லைனில் 10,000 லூமன் ஹெட்லேம்ப் 600 ரூபாய்க்கு வருது, 10 மணி நேரம் எரியுமாம். வாங்கலாமா?

தம்பி, ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். இன்றைய எல்இடி ஹெட்லேம்ப்களில் ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமன் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கூடலாம், குறையலாம். நம் கணக்குக்கு 100 போதும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட். அதை 10 மணி நேரம் எரிக்க 1,000 வாட் மணி. சின்னக் காரில் இருக்கும் 12 வோல்ட், 40 ஆம்பியர் மணி பேட்டரியில் மொத்தமே 480 வாட் மணிதான். இரண்டு கார் பேட்டரியை நெற்றியில் கட்டிக்கொண்டு மலை ஏற முடிந்தால் வாங்குங்கள்.

இதே கணக்கு நல்ல விளக்குகளுக்கும் உதவும். பேட்டரியில் எத்தனை எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) என்று பாருங்கள், அதை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட் மணி. 3.7 வோல்ட், 1,200 எம்ஏஎச் என்றால் சுமார் 4.4 வாட் மணி. நூறால் பெருக்கினால் 440. அதாவது 100 லூமனில் நாலு மணி நேரம் சொச்சம், 50 லூமனில் எட்டு மணி நேரம் சொச்சம். இதற்கு ரொம்ப மேலே யார் எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பேட்டரி மேலேயே பொய் எழுதுகிறவர்களும் உண்டு. 18650 என்று ஒரு லித்தியம் பேட்டரி வகை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதன் அளவுதான். அந்த உருவத்துக்குள் நல்ல கம்பெனிகள் அடைப்பது 2,500 முதல் 3,500 எம்ஏஎச் வாக்கில். "9,900 எம்ஏஎச்" என்று ஒட்டியிருந்தால் ஸ்டிக்கர் மட்டும்தான் பெரியது.

பெட்டியில் "400 லூமன், 100 மணி நேரம்" என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்தா?

கிடையாது. 400 லூமன் ஒரு நிலைக்கு, 100 மணி நேரம் வேறொரு நிலைக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அதைப் படியுங்கள். அதிலும் இன்னொரு நெளிவு இருக்கிறது. நான் சொன்ன அந்தத் தர அளவின்படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவிகிதத்துக்கு இறங்கும் வரை. 300 லூமனில் தொடங்கிய விளக்கு 30 லூமனுக்குத் தேயும் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்க வெளிச்சத்தையும் போட்டவுடனே அளப்பதில்லை. 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் அளக்கிறார்கள். உச்ச நிலையில் பல விளக்குகள் சூடு தாங்காமல் சில நிமிடங்களில் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

சில விளக்குகள் வெளிச்சத்தைச் சீராக வைத்திருந்து, பேட்டரி தீரும் நேரத்தில் சட்டென்று கீழே விழும். சில, முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சீராக எரிவது நடக்கும்போது சுகம், ஆனால் பேட்டரி அளவு காட்டும் சின்னக் குறி விளக்கு இல்லாவிட்டால் திடீரென்று கைவிடும். தேய்கிற ரகம் முன்கூட்டியே எச்சரிக்கும். நான் குறி விளக்கோடு கூடிய சீரான ரகத்தைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நடு நிலை எத்தனை மணி நேரம் என்பதைத்தான். 80 முதல் 150 லூமனுக்குள் ஒரு நிலை இருந்து, அது அஞ்சு மணி நேரமாவது தாங்கினால் தென்னிந்திய மலைகளில் ஒரு ராத்திரிக்குப் போதும்.

குறைந்த வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்? பெரிய விளக்கை வாங்கிக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே?

குறைக்க முடிந்தால் தாராளமாக. பல மலிவு விளக்குகளில் "லோ" என்பதே 80, 100 லூமன். டென்ட் துணியின் உள்பக்கம் வெளிர் நிறம். இரண்டு அடி தூரத்தில் 100 லூமன் பட்டால் முழுக் கூடாரமும் டியூப் லைட் போட்ட மாதிரி ஆகிவிடும்.

பட்டன் வரிசையும் முக்கியம். ஒரே பட்டன் உள்ள விளக்கில் முதல் அழுத்து உச்சம், இரண்டாவது நடு, மூன்றாவது குறைவு என்று வைத்திருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுகிறீர்கள். தலைமாட்டில் துழாவி எடுத்து அழுத்துகிறீர்கள். 400 லூமன், பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கும் நண்பன் முகத்தில். அவன் திட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் கண்ணே கூசிப்போய் ஜிப்பைத் தேட முடியாது. இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வெளிச்சம் பட்டுக் கெடுவதற்கு ஒரு நொடி போதும். குறைவில் தொடங்கும் விளக்கு, இல்லாவிட்டால் கடைசியாக விட்ட நிலையை நினைவில் வைத்திருக்கும் விளக்கு, இந்த இரண்டில் ஒன்றைத் தேடுங்கள்.

சிவப்பு விளக்கு எதற்கு? தேவையா?

இருட்டில் பார்க்க உதவும் கண் செல்கள் சிவப்பு வெளிச்சத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்காது. அதனால் மங்கலான சிவப்பில் பையைத் துழாவிவிட்டு நிமிர்ந்தால் நட்சத்திரங்கள் அப்படியே தெரியும். சிவப்பும் பளிச்சென்று இருந்தால் அந்தப் பலன் போய்விடும். பூச்சிகளும் வெள்ளையை நாடி வருகிற அளவுக்குச் சிவப்பை நாடி வருவதில்லை. முதல் மழை பெய்த சாயங்காலம் ஈசல் கிளம்பும்போது வெள்ளை விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து பாருங்கள், சாம்பாரில் என்ன மிதக்கிறது என்று தெரியும்.

குறையும் உண்டு. வரைபடத்தில் சிவப்புக் கோடுகள் சிவப்பு வெளிச்சத்தில் காணாமல் போகும். குடகுப் பக்கம் மழைக்காலத்தில் காலில் அட்டை இருக்கிறதா, ரத்தம் வருகிறதா என்று பார்க்கவும் வெள்ளைதான் வேண்டும். கூட்டமாகத் தங்குபவர்களுக்குச் சிவப்பு இருந்தால் நல்லது. தனியாக, வீட்டு உபயோகத்துக்கு என்றால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இந்த வருஷம் வெள்ளியங்கிரி போகிறோம். என்ன எடுத்துக்கொள்வது?

பெங்களூர்த் தமிழர்கள் மாசி, பங்குனியில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறுவார்கள், ஏழு மலை, பெரும்பாலும் ராத்திரியில் தொடங்கி விடியலுக்கு மேலே சேர்வது வழக்கம். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும், இன்னொரு கை படியையோ பாறையையோ பிடிக்கும். கையில் டார்ச் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஹெட்லேம்ப் தன் காசுக்கு உழைக்கிற இடம் அது.

அங்கே 50 முதல் 100 லூமன் போதும், அதற்கு மேல் வேண்டாம். முன்னால் பின்னால் ஆட்கள். படி செங்குத்து என்பதால் உங்கள் விளக்கு முன்னால் போகிறவரின் முதுகிலும், இறங்கி வருகிறவரின் கண்ணிலும்தான் படும். விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நாலைந்து படி முன்னால் விழுகிற மாதிரி வையுங்கள். எதிரே யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்கத் தலை தானாகத் திரும்பும். அப்போது கையால் விளக்கை மறைப்பது ஒரு மரியாதை.

நேரக் கணக்கும் போடுங்கள். ஏறுவது மட்டுமே ராத்திரி முழுக்க ஆகலாம். நடு நிலையில் ஆறேழு மணி நேரம் வராத விளக்கு என்றால் மாற்று செல் கட்டாயம். அதையும் பைக்கு அடியில் போடாமல் பேன்ட் பாக்கெட்டில் வையுங்கள். சீசனுக்கு வெளியே போகக் கூடாது, அனுமதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கந்தகிரி, சாவனதுர்கா, அந்தரகங்கே மாதிரிப் பக்கத்து மலைகளுக்கு?

முதலில், வனத்துறைப் பாதைகளில் பெரும்பாலானவற்றில் இருட்டிய பிறகு நடக்க அனுமதி கிடையாது. ஆன்லைன் பதிவில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதுதான். ஆகவே விளக்கு உங்களுக்குத் தேவைப்படுவது விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு, இல்லாவிட்டால் இறங்கத் தாமதமாகிவிட்டால். குமார பர்வதம் மாதிரி நீளமான பாதையில் தாமதம் சாதாரணம். பகல் நடைதானே என்று விளக்கை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் சாயங்காலம் ஆறரைக்குச் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

சாவனதுர்கா வழுக்குப் பாறை. அங்கே விளக்கை நெற்றியில் வைப்பதைவிட, கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடித்தால் பாறையின் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். காரணம் எளிது: விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும், தரை தட்டையாகத் தெரியும். கீழேயிருந்து சாய்வாக அடித்தால் ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழும்.

பனிமூட்டத்துக்கும் இதே வைத்தியம்தான். ஸ்கந்தகிரியிலும் நந்தி மலையிலும் விடியற்காலை மேகம் வந்து மூடிக்கொள்ளும். 400 லூமனைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், ஏனென்றால் நீர்த்துளிகள் அந்த வெளிச்சத்தை நேராக உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. குறைத்து, கையில் எடுத்து, கீழே அடியுங்கள்.

ரிமோட் செல் போடுவது நல்லதா, டைப்-சி சார்ஜ் நல்லதா?

வீட்டுக்கும் வார இறுதிக்கும் சார்ஜ் ரகம். நாலைந்து நாள் கரன்ட் இல்லாத இடத்துக்குப் போனால் செல் ரகம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற சார்ஜ் ரகம். இரண்டும் போடக்கூடிய விளக்குகளும் சந்தையில் உண்டு. கொஞ்சம் விலை அதிகம், ஆனால் ரொம்ப நாள் உழைக்கும்.

ட்ரிபிள் ஏ எனப்படும் ரிமோட் செல் மூன்று போடுகிற விளக்குகள் மலைப்பாதை ஊர்களில் காப்பாற்றும். சுப்ரமண்யா பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெட்டிக்கடையிலும் ரிமோட் செல் கிடைக்கும். சாதா ஆல்கலைன் செல்லை விட, சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல்கள் அதிக வெளிச்சத்தில் நன்றாக ஈடுகொடுக்கும், 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட்தான் என்றாலும் பெரும்பாலான விளக்குகளுக்கு அது போதும். ஆல்கலைன் செல்லை உள்ளேயே விட்டு விளக்கை அலமாரியில் வைக்காதீர்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் அரித்துப் போயிருக்கும்.

உள்ளேயே பூட்டிய பேட்டரி உள்ள விளக்கு என்றால், பேட்டரி செத்தால் விளக்கும் சேர்ந்து செத்தது என்று கணக்கு. லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் சும்மா வைக்கப் போகிறீர்கள் என்றால் முழு சார்ஜிலோ சுத்தமாகக் காலியாகவோ வைக்காமல் பாதியில் வையுங்கள்.

இமயமலையில் கேதார்காந்தா போகிறேன், இங்கே வாங்கிய விளக்கு அங்கே குளிரில் வேலை செய்யுமா?

விளக்குக்குக் குளிர் பிரச்சினை இல்லை, பேட்டரிக்குத்தான். பூஜ்யத்துக்குக் கீழே ஆல்கலைன் செல்லின் திறன் படுவேகமாக இறங்கும். லித்தியம் அயனும் குறையும், ஆனால் அவ்வளவு மோசமில்லை. சார்ஜ் ஏற்ற முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல்கள் குளிருக்கு மிகவும் நல்லவை, எடையும் குறைவு, விலைதான் கடிக்கும். உங்கள் விளக்கு அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகரத்துக்குக் கிளம்புவது விடியலுக்கு ரொம்ப முன்னால். முந்தின ராத்திரி விளக்கை ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு படுக்கப் போடுங்கள். இன்னொன்று, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றக் கூடாது, நிரந்தரமாகக் கெடும். உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். கனமான கையுறையோடு அழுத்த முடிகிற பட்டனா என்பதையும் பெங்களூரிலேயே பார்த்துவிடுங்கள். அங்கே பனியில் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும்.

நான் மலையே ஏறுவதில்லை. வீட்டில் ஹெட்லேம்ப் எதற்கு?

மலையேறுகிறவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் பயன்படும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெங்களூரில் தனி வீட்டில் இருந்தால் சம்ப், அதாவது தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். காவிரித் தண்ணீர் வருகிற நாள், விடியற்காலை. மூடியை இரண்டு கையாலும் தூக்க வேண்டும், உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும், வால்வைத் திருக வேண்டும். செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் போன் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் மே மாத மழை, மரம் விழுந்து கரன்ட் போனால் எப்போது வரும் என்று கரன்ட் கம்பெனியான பெஸ்காமுக்கே வெளிச்சம். அப்போது தோசை ஊற்ற, சிங்க்குக்குக் கீழே ஒழுகும் குழாயைப் பார்க்க, ஸ்கூட்டர் பிளக்கைக் கழற்ற, யூபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற, எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும்.

வீட்டுக்கு 100 லூமனே அதிகம். ஒரு கை நீளத்தில் வேலை செய்ய 20, 30 போதும். அதற்கு மேல் போட்டால் பளபளக்கும் ஸ்டீல் பாத்திரமும் டைல்ஸும் திருப்பி அடிக்கும். வெளிச்சத்தின் நிறத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டும். 6,000 கெல்வினுக்கு மேல் நீலம் கலந்த வெள்ளை, 4,000 முதல் 5,000 வரை இயல்பான வெள்ளை. கூடவே சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு. மலிவு விளக்குகளில் 70 வாக்கில், நல்லவற்றில் 90-க்கு மேல். சுவிட்ச் போர்டைத் திறந்து சிவப்பு வயரா, பிரவுன் வயரா என்று பார்க்கிறபோது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மெயினை அணைத்துவிட்டுத்தான் திறப்பீர்கள் என்று நம்புகிறேன். சிஆர்ஐ கூடினால் லூமன் கொஞ்சம் குறையும். வீட்டுக்கு அது நஷ்டமே இல்லை.

செல்போன் டார்ச் போதாதா?

ஐந்து நிமிடத்துக்குப் போதும். பாதையில் போன் என்பது வரைபடம், அவசர அழைப்பு, கேமரா. அதன் பேட்டரியை வெளிச்சத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

மழையில் நனைந்தால் கெட்டுவிடுமா?

ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், சாதாரண மழைக்குப் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூலையில் நடக்கிறவர்கள் ஏழுக்குப் போகலாம், மற்றவர்களுக்கு நாலு போதும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் இந்த எண்ணெல்லாம். நனைந்த விளக்கை உடனே சார்ஜில் போட வேண்டாம்.

சைக்கிள், பைக் ஓட்ட இதையே மாட்டிக்கொள்ளலாமா?

பைக்குக்குக் கூடவே கூடாது. சைக்கிளில் ஹெல்மெட் மேல் கூடுதலாக மாட்டலாம், ஆனால் ஹேண்டில்பார் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருந்த பிறகு. உங்கள் தலை எங்கே திரும்புகிறதோ அங்கே இருக்கிறவர் கண்ணில் நேராக அடிக்கும் விளக்கு இது.

யானை, பாம்பு வந்தால் பளிச்சென்று அடிக்கலாமா?

பாம்புக்கு வெளிச்சம் உங்களுக்காகத்தான், அதற்காக இல்லை. காலடியை எங்கே வைக்கிறோம் என்று தெரிய வேண்டும், 50 லூமன் அதைச் செய்யும். யானை விஷயம் வேறு. பன்னேர்கட்டா, கனகபுரா பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் ராத்திரி நடக்கவே போகாதீர்கள். மின்னும் ஸ்ட்ரோப் வெளிச்சம் போட்டு விரட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடும் போகாதீர்கள்.

விலங்குகளின் கண் மினுங்குவதை ஹெட்லேம்ப்பில் நன்றாகப் பார்க்கலாம், ஏனென்றால் கண்ணுக்குள்ளிருந்து திரும்பும் ஒளி வந்த வழியே வருகிறது, விளக்கோ உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில். புல்வெளியில் பொடிப் பொடியாகப் பச்சையாக மின்னினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சிலந்திகள்தான்.

குழந்தைக்கு ஒன்று வாங்கலாமா?

வாங்குங்கள், டென்ட்டில் அதுதான் அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. 30, 40 லூமனுக்கு மேல் போகாததாக. எப்படியும் உங்கள் முகத்தில்தான் முதலில் அடிப்பார்கள்.

கடையில் எதைச் சோதித்துப் பார்ப்பது?

கடை வெளிச்சத்தில் எந்த விளக்கும் மங்கல்தான், வெளிச்சத்தை அங்கே அளக்க முடியாது. மற்றதையெல்லாம் அளக்கலாம். தலையில் மாட்டி, வேகமாகத் தலையை ஆட்டி, குனிந்து நிமிருங்கள், நழுவினால் வேண்டாம். சாய்க்கும் கீல் 'டக் டக்' என்று படிப்படியாக நிற்க வேண்டும், லொடலொடவென்று இருந்தால் நடக்க நடக்கத் தானே கீழே தொங்கிவிடும். குறைந்த நிலையில் போட்டு செல்போன் கேமராவில் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம், ரொம்ப நேரம் படித்தால் சிலருக்குத் தலை வலிக்கும்.

எடை 100 கிராமுக்குள் இருந்தால் மாட்டியிருப்பதே மறந்துவிடும். 150-க்கு மேல் போனால் தலைக்கு மேலேயும் ஒரு பட்டை வேண்டும். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் விலை குறையும், ஆனால் பெட்டியும் பில்லும் கேட்டு வாங்குங்கள். டெக்கத்லான் மாதிரிப் பெரிய கடைகளில் மாட்டிப் பார்க்கலாம் என்பது வசதி.

பைக்குள் தானாக எரிந்து பேட்டரி தீர்ந்துவிடுகிறது. என்ன செய்ய?

பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும் வசதி பல விளக்குகளில் உண்டு, கையேட்டில் இருக்கும். இல்லாவிட்டால் ஒரு செல்லை மட்டும் தலைகீழாகத் திருப்பிப் போடாமல், கழற்றித் தனியாக வையுங்கள். விமானத்தில் போனால் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. முனைகளில் டேப் ஒட்டியோ சின்னப் பிளாஸ்டிக் டப்பியில் போட்டோ வைத்தால் சாவிக்கொத்தில் உரசித் தீப்பொறி வராது. கெம்பேகௌடா விமான நிலையத்தில் ஸ்கேனரில் பையைத் திறக்கச் சொன்னாலும் எடுத்துக் காட்ட அதுதான் சுலபம்.